உழுவதற்கு முன் கூப்பிடச் சொல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஒத்தக்கடையில் நீ கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டதை அக்கா போனில் சொன்னாள். அதைவிட, நீ அனுப்பியிருந்த கேள்விதான் எனக்குப் பிடித்தது. "மேலூரில் ஒருத்தருக்கு ஹார்டு டிஸ்க்கில் இருந்ததெல்லாம் போய்விட்டதாம். நான் கடையில் உட்கார்ந்தபடியே நெட் வழியாக எடுத்துக் கொடுக்க முடியுமா மாமா?" என்று கேட்டிருந்தாய்.

முடியும். ஆனால் எல்லாக் கேஸிலும் முடியாது. முடிகிற கேஸிலும் அவசரப்பட்டால் கெட்டுப்போகும். எது முடியும், எதைத் தொடவே கூடாது என்று நீ பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

முதலில், தகவல் 'அழிவது' என்றால் என்ன என்று பார். பட்டாவில் ஒருவர் பெயரை அடித்துவிட்டால் வயல் எங்கேயும் போய்விடாது. பயிரும் அப்படியே நிற்கும். அடுத்தவர் வந்து உழுதால்தான் பயிர் போகும். ஹார்டு டிஸ்க்கிலும் நடப்பது இதுதான். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பெரிய பட்டியலில் ஒரு பதிவு உண்டு. டெலீட் கொடுத்தால் அந்தப் பதிவில் 'இது இப்போது பயன்பாட்டில் இல்லை' என்று குறி மாறுகிறது. அந்த இடம் காலி என்று இன்னொரு வரைபடத்தில் எழுதப்படுகிறது. பென்டிரைவ்களில் இருக்கும் ஃபேட்32 முறையில் ஃபைல் பெயரின் முதல் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டுச் சங்கிலியை விடுவிக்கிறார்கள். இரண்டிலும் உள்ளடக்கத்தை யாரும் தொடுவதில்லை. புதிதாக ஏதாவது அந்த இடத்தில் எழுதப்படும்வரை பழையது அங்கேயே கிடக்கும்.

ஆகவே நம் தொழிலின் முதல் வேலை, உழவு நடக்காமல் பார்த்துக்கொள்வது. நீ ரிமோட்டில் நுழைவதற்கு முன்பே, முதல் போன் அழைப்பிலேயே அந்த வேலை தொடங்கிவிடுகிறது.

அழைப்பவர் பதற்றத்தில் இருப்பார். அவரிடம் முதலில் கேட்க வேண்டியது: "இதே ஃபைல் வேறு எங்காவது இருக்குமாண்ணே?" உன் கடைப் பக்கம் யார் யார் வருவார்கள் என்று யோசி. மேலூர் ரோட்டில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. வக்கீல் குமாஸ்தாக்கள் வருவார்கள். வேளாண்மைக் கல்லூரிப் பிள்ளைகள் ஆய்வேட்டோடு வருவார்கள். வக்கீலின் மனு ஜூனியருக்கு மெயிலில் போயிருக்கும். ஆய்வேட்டின் பழைய வடிவம் வழிகாட்டிப் பேராசிரியரின் இன்பாக்ஸில் இருக்கும். கல்யாணப் படங்கள் யாருடைய வாட்ஸ்அப்பிலாவது இருக்கும். கூகுள் டிரைவில் டெலீட் செய்தது 30 நாள் குப்பைத் தொட்டியில் நிற்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள் நிற்கும். நெட் வழியாகத் தகவல் மீட்பதில் மிக எளிய, மிகப் பாதுகாப்பான வழி இதுதான். டிஸ்க்கைத் தொடாமலே வேலை முடியும்.

வேறு பிரதி இல்லை என்றால், "மெஷினை ஆஃப் பண்ணுங்க, எதையும் டவுன்லோட் பண்ணாதீங்க" என்று சொல். எக்ஸ்டர்னல் டிஸ்க் என்றால் கழற்றி வைக்கச் சொல். செருகும்போது 'ஃபார்மேட் செய்யட்டுமா?' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று கொடுக்கச் சொல். யூடியூப் பார்த்து 'சி' டிரைவில் மீட்பு மென்பொருளை இறக்குகிறவர்கள் அதிகம். தொலைந்த ஃபைல் இருக்கும் நிலத்திலேயே அந்த மென்பொருள் போய் உட்காரும். 'செக்டிஸ்க்' ஓட்டுவதும் இப்படித்தான். அது டிஸ்க்கின் கணக்கை, அதாவது எந்த ஃபைல் எங்கே என்ற பதிவுகளைச் சீர்செய்யும் கருவி. சீர்செய்யும்போது எழுதும். உனக்குத் தேவையான தடயங்களை அது துடைத்துவிடலாம்.

எஸ்எஸ்டி வந்தபிறகு இந்த எச்சரிக்கை இன்னும் கடுமையாகிவிட்டது. விண்டோஸ் 7 காலத்திலிருந்தே 'டிரிம்' என்ற ஏற்பாடு இருக்கிறது. ஃபைலை டெலீட் செய்ததும், இந்தக் கட்டங்கள் இனி வேண்டாம் என்று விண்டோஸ் எஸ்எஸ்டியிடம் சொல்லிவிடும். எஸ்எஸ்டி தன் ஓய்வு நேரத்தில் அவற்றை உண்மையாகவே துடைத்துவிடும். யாரும் புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. மின்சாரம் இருந்தாலே போதும். லேப்டாப்பின் உள் எஸ்எஸ்டியில் டெலீட் ஆகி ஒரு நாள் ஓடிய மெஷின் என்றால் நம்பிக்கை கொடுக்காதே. பழைய சுழலும் டிஸ்க்கும் பென்டிரைவும் மெமரி கார்டும்தான் பெரும்பாலும் நமக்கு வழி விடும்.

அடுத்தது, டிஸ்க்குக்கு உடம்பு சரியில்லையா, கணக்கு மட்டும் குழம்பியிருக்கிறதா என்று பார்ப்பது. போனை டிஸ்க் பக்கத்தில் பிடிக்கச் சொல்லிக் கேள். 'டிக், டிக்' என்று ஒரே சீராகத் தட்டினாலோ, உரசும் சத்தம் வந்தாலோ, சுழலவே இல்லை என்றாலோ அது உன் கேஸ் இல்லை. உடனே கரண்டை நிறுத்தச் சொல்லி, தூசியில்லா அறை வைத்திருக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பு. படிக்கும் ஊசிமுனை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. மனிதத் தலைமுடியின் பருமன் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு. கடை மேசையில் திறந்தால் ஒரே தூசி போதும், தட்டைக் கீறிவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று எவனாவது சொன்னால் கேட்காதே. உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட டிஸ்க்கை ரிமோட்டில் ஓட்டுவது, நோயாளியை ஓடவிட்டுப் பரிசோதிப்பதாகிவிடும்.

சத்தம் இல்லை, கணினி டிஸ்க்கை அடையாளம் காண்கிறது, அளவும் சரியாகக் காட்டுகிறது என்றால் ரிமோட் வேலைக்கு வழி உண்டு.

இந்த முறை புதிது இல்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் இருந்த ஆன்ட்ராக் நிறுவனம் தொலைவிலிருந்து தகவல் மீட்கும் முறைக்கு 2000-இல் காப்புரிமை பெற்றது. அன்றைய இணைப்பு வேகம் உனக்குத் தெரியாது. ஒரு பாட்டை இறக்கவே பொறுமை வேண்டியிருந்த காலம். அந்த இணைப்பில் எப்படி டிஸ்க்கை மீட்டார்கள்? தகவலை இழுக்கவில்லை. வாடிக்கையாளர் கணினியில் ஒரு சிறு நிரல் ஓடும். பொறியாளர் தன் இடத்திலிருந்து கட்டளை அனுப்புவார். டிஸ்க்கின் கணக்குப் பகுதிகள் மட்டும் கம்பி வழியாக வந்து போகும். மீட்கப்பட்ட ஃபைல்கள் வாடிக்கையாளர் மேசையை விட்டு நகராது.

இன்று ஃபைபர் இருந்தாலும் இந்த யோசனைதான் சரி. கணக்குப் போட்டுப் பார். ஒரு டிபி டிஸ்க், மேலேற்றும் வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றால் முழுதையும் உனக்கு அனுப்ப ஏறக்குறைய 4 லட்சம் நொடி ஆகும். நாலரை நாளுக்கு மேல். அதையே அவர் மேசையில் இன்னொரு டிஸ்க்குக்கு நொடிக்கு 100 எம்பி வேகத்தில் பிரதி எடுத்தால் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். ஆகவே மேலூர்க்காரரை அவர் டிஸ்க்குக்குச் சமமான அல்லது பெரிய அளவில் ஒரு புது எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி வைக்கச் சொல். அதற்குச் செலவழிக்க மனமில்லாதவருக்கு இந்த வேலை வேண்டாம்.

பிறகு வரிசையாகச் செய். ஃபைல் தொலைந்த டிஸ்க்கிலிருந்து மெஷினை பூட் செய்யக் கூடாது. அந்த மெஷினில் ரிமோட் மென்பொருளை நிறுவவும் கூடாது, அதுவும் எழுதும். டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கூட்டில் போட்டு வேறொரு கணினியில் செருகு. இல்லையென்றால் லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய். அங்கே ஒரு கை வேண்டும். வீடியோ காலில் பொறுமையாகச் சொன்னால் பிளஸ் டூ படிக்கிற பையன்கூடச் செய்துவிடுவான். புது லேப்டாப் என்றால் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று முதலிலேயே கேள். 48 இலக்கச் சாவி அவரது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கலாம். சாவி இல்லாமல் ஆரம்பித்தால் உன் நேரம்தான் வீண்.

நுழைந்ததும் மீட்பைத் தொடங்காதே. முதலில் முழு டிஸ்க்கையும் கட்டம் கட்டமாகப் பிரதி எடு. அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய 'டிடிரெஸ்க்யூ' இதற்கென்றே உள்ள இலவசக் கருவி. நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும். மக்கர் செய்யும் இடத்தைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து முயலும். எங்கே நிறுத்தினோம் என்பதை ஒரு வரைபட ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும் நெட் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம்மூருக்கு இது எவ்வளவு தேவை என்று உனக்கே தெரியும். ஒன்றில் மட்டும் கவனம்: எந்த டிஸ்க் மூலம், எந்த டிஸ்க் பிரதி என்பதை அளவையும் சீரியல் எண்ணையும் பார்த்து, எதிர்முனையில் இருப்பவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி உறுதி செய்த பிறகே என்டர் தட்டு. இரண்டும் மாறினால் உழுதவன் நீயாகிவிடுவாய்.

பிரதி முடிந்ததும் மூல டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைக்கச் சொல். இனி எல்லா வேலையும் பிரதியில்தான். பார்ட்டிஷன் கணக்கு கெட்டிருந்தால், பிரெஞ்சுக்காரர் கிறிஸ்டோஃப் கிரெனியேவின் 'டெஸ்ட்டிஸ்க்' தேடித் தரும். ஃபைல் பெயர்களும் ஃபோல்டர்களும் பெரும்பாலும் அப்படியே கிடைக்கும். கணக்கே இல்லை என்றால் அவருடைய 'ஃபோட்டோரெக்'. அது பட்டியலைப் பார்க்காமல், ஒவ்வொரு வகை ஃபைலும் எந்த அடையாளத்தோடு தொடங்கும் என்பதை வைத்துத் தேடும். இன்றைய வேர்டு ஃபைல் (.docx) உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. அதன் முதல் இரண்டு எழுத்து 'பிகே', ஜிப் முறையை உருவாக்கிய பில் காட்ஸின் முதலெழுத்துகள். இப்படி எடுத்தால் பெயர் போய்விடும். எண் போட்ட ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட ஃபைல் முழுதாக வராமலும் போகலாம். அதை முன்கூட்டியே சொல்லிவிடு.

தமிழ் ஃபைல்களில் உனக்கு இன்னொரு சிக்கல் வரும். பழைய டிடிபி வேலைகள் பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்தவை. 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் பல கடைகள் பழைய எழுத்துருவை விடவில்லை. மீட்ட ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். 'கெட்டுப்போச்சு' என்று வாடிக்கையாளர் அழுவார். கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். அதை நிறுவிப் பார், அல்லது யூனிகோடுக்கு மாற்றிப் பார். யூனிகோடில் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக அடித்தது என்றால் உனக்கு ஒரு அனுகூலம் உண்டு. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் மூன்று பைட். முதல் இரண்டும் 'ஈ0 ஏஈ' அல்லது 'ஈ0 ஏஎஃப்' என்றுதான் இருக்கும். கணக்கில்லாத பிரதியில் அந்த வரிசை அடர்த்தியாக வருகிற இடத்தைத் தேடினால் தமிழ் உரை இருக்கும் இடத்துக்கே போய்விடலாம். வேர்டு ஃபைல் சுருக்கப்பட்டிருப்பதால் அங்கே இந்த வித்தை பலிக்காது.

'முதலில் பிரதி' என்று நான் அடித்துச் சொல்வதை ஏதோ மாமாவின் பிடிவாதம் என்று நினைக்காதே. மனிதன் செய்த மிகத் தொலைதூரக் கணினிப் பழுதுபார்ப்பும் இப்படித்தான் நடந்தது. 1977-இல் ஏவிய வாயேஜர் 1 விண்கலம் 2023 நவம்பரில் பொருளற்ற ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப அனுப்பத் தொடங்கியது. கலம் அப்போது சுமார் 2,400 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. ஒரு கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம். பதில் வர அதே அளவு. நாசாக்காரர்கள் உடனே புது நிரலை ஏற்றிப் பார்க்கவில்லை. 2024 மார்ச் 1-ஆம் தேதி ஒரு சிறு தூண்டல் கட்டளை அனுப்பினார்கள். வந்த பதிலைப் பிரித்துப் பார்த்தபோது, பழுதான கணினியின் நினைவகம் முழுவதும் அப்படியே அதில் இருந்தது. பழுதுக்கு முன்பு எடுத்து வைத்திருந்த பழைய பிரதியோடு ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ 3 சதவீத நினைவகம் கெட்டிருந்தது; காரணம் ஒரே ஒரு சில்லு. அதில் இருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து வேறு இடங்களில் வைத்தார்கள். ஏப்ரல் 20-இல் கலம் மறுபடியும் ஒழுங்காகப் பேசியது. அவர்களைக் காப்பாற்றியது பொறுமையும் பழைய பிரதியும். மேலூர் உனக்குப் பதினைந்து இருபது கிலோமீட்டர்தான். அந்த வரிசையை நீ பின்பற்ற முடியாதா?

பணயத் தாக்குதல், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கேஸும் உன்னிடம் வரும். அங்கே மட்டும் ரிமோட்டில் நுழையாதே. முதலில் நெட் கேபிளைப் பிடுங்கச் சொல், வைஃபையை அணைக்கச் சொல். நம்மூரில் திருட்டு மென்பொருளோடு அதிகம் வந்தது 'ஸ்டாப் டிஜேவியு' என்ற வகை. அதன் பழைய ரகங்கள் 148-க்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இலவசப் பூட்டுத் திறப்பான் வெளியிட்டது. அந்தத் தீநிரல் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாதபோது எல்லோருக்கும் பொதுவான ஒரு சாவியைப் பயன்படுத்தியது. அப்படிப் பூட்டியவற்றைத் திறக்க வாய்ப்பு உண்டு. ஆகவே பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் வைத்திருக்கச் சொல். சாவி பின்னால் கிடைக்கலாம். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் ஐந்து சர்வர்கள் பூட்டப்பட்டு, நோயாளிப் பதிவுகளைப் பல நாள் காகிதத்தில் எழுதினார்கள். கடைசியில் தகவல் திரும்பியது, தாக்குதல் தொடாத ஒரு பேக்கப் சர்வரில் இருந்துதான்.

இனி நம்பிக்கை விஷயம். நீ திரையைக் கேட்கும்போது, ஏமாற்றுக்காரன் பேசுகிற அதே பேச்சைத்தான் நீயும் பேசுகிறாய்: 'இந்த ஆப்பை இறக்குங்க, அந்த எண்ணைச் சொல்லுங்க.' எனிடெஸ்க் என்ற ரிமோட் ஆப் வழியாக வங்கிப் பணம் திருடுவது குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. ஆகவே உனக்கென்று சில நடைமுறைகளை வைத்துக்கொள். அறிமுகமில்லாதவரை நீயாகக் கூப்பிடாதே. அவர் உன் கடை எண்ணுக்குக் கூப்பிடட்டும். வங்கிப் பக்கம், ஜிபே, மெயில் எல்லாவற்றையும் மூடச் சொல்லிவிட்டு நுழை. அவர் திரை முன்னால் இருக்கும்போது மட்டும் வேலை செய். ஆளில்லாமல் நுழையும் நிரந்தர பாஸ்வேர்டை வைக்காதே. முடிந்ததும் ஆப்பை நீக்கச் சொல். பணம் பறிபோன கேஸ் வந்தால் வேறு எதையும் தொடாமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்கச் சொல்.

வக்கீல் ஆபீஸ் டிஸ்க் என்றால் இன்னும் கவனம். கட்சிக்காரரின் ரகசியம் அதில் இருக்கும். எதை எடுக்கப் போகிறாய் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் ஒப்புதல் வாங்கு. உரிமையாளர் அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவதும் பிரதி எடுப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவில் வருகிறது. கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. மீட்டதில் எதுவும் உன் கணினியில் தங்கக் கூடாது. ஃபைல் சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க இரண்டு மூன்றைத் திற. மற்றவற்றை அவரே திறந்து பார்க்கட்டும்.

கூலியையும் இதற்கேற்ப வை. பார்த்துச் சொல்ல ஒரு சிறு தொகை. வேண்டிய ஃபைல் கிடைத்தால் மீதி. 'நூறு சதவீதம் எடுத்துத் தருவேன்' என்று போர்டு எழுதாதே. எடுக்க முடியாததை முடியாது என்று அன்றே சொல்கிற கடைக்குத்தான் ஆட்கள் திரும்ப வருவார்கள். வேலை முடிந்து போகிறவரிடம், அவர் வாங்கிய அந்தப் புது டிஸ்க்கை பேக்கப்புக்கே வைத்துக்கொள்ளச் சொல்: முக்கியமானதற்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. அப்படிச் சொன்னால் கேஸ் குறையுமே என்று கவலைப்படாதே. பேக்கப் எடுக்காத ஆட்களுக்கு மதுரை ஜில்லாவில் என்றைக்கும் பஞ்சம் வராது.

மேலூர்க்காரரை இன்றே கூப்பிட்டு மெஷினை அணைக்கச் சொல். எஸ்எஸ்டியா சுழலும் டிஸ்க்கா, சத்தம் வருகிறதா, பிட்லாக்கர் உண்டா, மெயிலில் பிரதி இருக்கிறதா என்று நாலையும் கேட்டு எனக்கு எழுது. அதைப் பார்த்துவிட்டு, நீ உட்கார்ந்தே செய்யலாமா, இல்லை பஸ் ஏற வேண்டுமா என்று முடிவு செய்வோம்.

அன்புடன்,
உன் மாமா